சிவகௌரியும் சுரக்காய்ப் போத்தலும்

சிவகௌரி தன் வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவும் நாக்கில் வைத்தவள் அல்ல. பிறந்த வீடும் புகுந்த வீடும் மச்சமாமிசம் படாத வீடுகள். அப்படிப்பட்டவள்தான் லண்டன் கெனிங்டனில் இருந்த ஒரு ஸ்பானியச் சங்க மண்டபத்தில் ஒன்பது வருஷம் வைன் கலக்கினாள். அந்த ஒன்பது வருஷத்தில் யாராவது ஒருநாள் அவளுடைய பொறுமையைச் சோதிக்காமல் விட்டார்களா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

ஊரில் அவள் மானிப்பாய்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து ரசாயன ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தாள். அளந்து ஊற்றுவது, பெயர் எழுதி ஒட்டுவது, பிள்ளைகள் கைபோடாமல் அலுமாரியைப் பூட்டுவது எல்லாம் அவளுடைய வேலை. எண்பத்தைந்தில் கணவன் அம்பலவாணனோடு லண்டன் வந்து, டூட்டிங்கில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறையில் குடியேறினாள். அம்பலவாணனுக்கு பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் வேலை கிடைத்தது. ஆய்வுகூட வேலைக்கு கௌரி அனுப்பிய விண்ணப்பங்கள் ஒன்றுக்கும் பதில் வரவில்லை. கடைசியில், பாசையூர்க்காரரான கஸ்பர் என்பவர், தன் தேவாலயத்துக்கு வரும் ஸ்பானியர்களின் மண்டபத்துக்கு ஒரு ஆள் தேவை என்று சொல்லிச் சேர்த்துவிட்டார். தரை துடைக்கவேண்டும், குசினியில் மரக்கறி வெட்டவேண்டும். நோர்தேண் லைன் ரயிலில் நேரே போய் இறங்கலாம்.

அம்பலவாணனுக்கு ஒரு அக்கா, லண்டனின் மறுபக்கம் ரெய்னர்ஸ் லேனில். பெயர் சிவமலர். பூசை, விரதம், ஆசாரம் எல்லாவற்றிலும் கடும் கண்டிப்பு. ஆட்கள் குடிக்கிற இடத்தில் தம்பி மனைவி வேலை செய்கிறாள் என்று தெரிந்தால் குடும்பமே தலைகுனியும் என்று பயந்த அம்பலவாணன், கௌரியைக் கேட்காமலே அக்காவிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டான்.

"ஆஸ்பத்திரிக் குசினியில வேலை எண்டு சொல்லிப்போட்டன்."

"எந்த ஆஸ்பத்திரி எண்டு கேட்டால்?"

"பெரிய ஆஸ்பத்திரி எண்டு சொல்லு."

அன்றிலிருந்து அந்தப் பொய்யைக் காப்பாற்றுகிற வேலை கௌரியின் தலையில் விழுந்தது. அக்கா வருகிற நாட்களில் முழுகி, உடுப்பு மாற்றி, மணம் போகக் கோட்டைக் கழற்றி வெளியே காற்றாட விட்டு, இல்லாத ஆஸ்பத்திரியின் இல்லாத நோயாளிகளைப் பற்றிக் கதை வேறு சொல்லவேண்டும். பொய்யைச் சொன்னவன் சோபாவில் சாய்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பான்.

மண்டபத்தின் தலைவர் எமெத்தேரியோ. மனைவி பிலார், குசினியின் ராணி. எமெத்தேரியோவின் ஊர் கலாஓர்ரா, ஸ்பெயினின் ரியோஹாப் பகுதியில் இருக்கிறது. ஊர்ப் புனிதரின் பெயர்தான் அவருக்கு. ஓகஸ்ட் கடைசியில் அந்தப் புனிதருக்குத் திருவிழா. இளைஞர்களும் கிழவர்களும் குழுக்குழுவாகச் சேர்ந்து ஆளுக்கொரு நிலவறையையோ கொட்டிலையோ பிடித்து, அங்கே ஒரு பெரிய பீப்பாவில் பானம் ஊறவைப்பார்கள். சிவப்பு வைனில் கறுவா, சீனி, எலுமிச்சைத் தோல், பழங்கள் எல்லாம் போட்டு ஒரு வாரம் விட்டு, குளிரக் குளிரக் கொடுப்பார்கள். திருவிழாவன்று கதவு திறந்தே இருக்கும். பாண்ட் வாத்தியக்காரனோ, பொலிஸ்காரனோ, வழிதவறி வந்த வெளியூர்க்காரனோ, யார் வாசலை மிதித்தாலும் ஒரு கோப்பை கொடுக்கவேண்டும். காசு வாங்கினால் அவமானம். பக்கத்துக் கொட்டிலின் பானம் குதிரைக்குக் கூட ஆகாது என்று சொல்லவேண்டியதும் சம்பிரதாயத்தில் சேர்ந்தது.

அந்தப் பானத்தின் பெயர் சுர்ரக்கப்போத்தே. முதல்நாள் அதைக் கேட்டுவிட்டு வந்து கௌரி கணவனிடம் சொன்னபோது, அவன் காதில் அது "சுரக்காய்ப் போத்தல்" என்று விழுந்தது. திருத்தித் திருத்திப் பார்த்தாள். கடைசிவரை அவனுக்கு அது சுரக்காய்ப் போத்தல்தான்.

எண்பத்தாறாம் வருஷம்தான் அவள் முதன்முதலில் மண்டபத்தில் அப்படி ஒரு பீப்பாவைக் கண்டாள். கையில் கரண்டியைக் கொடுத்து, "நீ கிண்டு, சிவா" என்றாள் பிலார். கௌரி கிண்டினாள். மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள். அதன் பிறகுதான் கூத்து. எமெத்தேரியோவின் ஊரில் பீச் பழமும் நிறையச் சீனியும் போடுவார்கள். பன்னிரண்டு மைல் தள்ளி இருக்கிற பிலாரின் ஊரில் பீச் பழம் என்றாலே முகத்தைச் சுளிப்பார்கள். அங்கே அத்திப்பழ வத்தலும் முந்திரிகை வத்தலும்தான். கணவன் காலையில் வந்து யாருக்கும் தெரியாமல் சீனி போட்டான். மனைவி மத்தியானம் வந்து யாருக்கும் தெரியாமல் அத்திப்பழம் போட்டாள். சங்க அங்கத்தவர்கள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கி, ஒருவர் கறுவா, ஒருவர் பிராந்தி, ஒருவர் இன்னும் கொஞ்சம் பிராந்தி. திருவிழாவன்று மூடியைத் திறந்தால் இருமல் மருந்து. அதுவும் சாதாரண இருமல் மருந்து அல்ல. இரண்டு கோப்பை குடித்த ஒருவர் ஆர்மோனியம் மாதிரி ஒரு வாத்தியத்தைக் கட்டிப்பிடித்தபடி படிக்கட்டில் நித்திரையாகிப்போனார்.

எல்லோரும் திரும்பிக் கௌரியைப் பார்த்தார்கள்.

"கடைசியாக மூடியது நீதானே?" என்றார் எமெத்தேரியோ.

கௌரிக்கு வந்த கோபத்தில் ஆங்கிலம் வரவில்லை. தமிழில் நன்றாகத் திட்டினாள். அவர்கள் அதை மன்னிப்பு என்று நினைத்துத் தோளில் தட்டினார்கள். அது அவளுடைய கோபத்தை இன்னும் கூட்டியது.

அடுத்த வருஷம் யூலையில் பிலார் பீப்பாவைக் கழுவ எடுத்தபோது, கௌரி ஏப்ரனை அவிழ்த்து மேசையில் வைத்தாள்.

"நான் செய்வதென்றால் நான் சொல்கிறபடிதான். இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்."

"நீ ருசி பார்ப்பதுகூட இல்லையே!" என்றார் எமெத்தேரியோ.

"கந்தக அமிலத்தையும் நான் ருசி பார்த்ததில்லை. ஆனால் பத்து வருஷம் அளந்து கொடுத்திருக்கிறேன்."

ஆறு ஜாம் போத்தல்கள் எடுத்தாள். எமெத்தேரியோ சொல்கிற அளவில் இரண்டு, பிலார் சொல்கிற அளவில் இரண்டு, இரண்டையும் கலந்து தன் யோசனையில் இரண்டு. பெயர் எழுதாமல் வெறும் இலக்கம் மட்டும் ஒட்டினாள். எந்த இலக்கம் எது என்று தன் கொப்பியில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஒரு வாரம் ஊறியபின், ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்து வந்த கையோடு மூன்று பேரை மேசையில் இருத்தினாள். எமெத்தேரியோ, பிலார், நடுவராகக் கஸ்பர்.

கஸ்பர் ஆறு போத்தலையும் அடிவரை குடித்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தானே இருக்குது, தங்கச்சி" என்றார். அவரால் ஒரு பிரயோசனமும் இல்லை.

எமெத்தேரியோ கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டி, நான்காம் இலக்கத்தைத் தூக்கிப் பிடித்தார். "இதுதான். இதுதான் என் ஊர். என் தகப்பனார் கலக்கியது." பிலார் இரண்டாம் இலக்கத்தை மார்போடு அணைத்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கௌரி கொப்பியைத் திறந்து காட்டினாள். நான்காம் இலக்கம் பிலாருடையது. இரண்டாம் இலக்கம் எமெத்தேரியோவுடையது.

இருவரும் கொப்பியை மாறி மாறி இழுத்துப் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் ஒரே குரலில், கௌரி இலக்கத்தை மாற்றி ஒட்டிவிட்டாள் என்றார்கள். முப்பது வருஷக் கலியாண வாழ்க்கையில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும். அவள் போத்தல்களைக் காட்டி விளக்கினாள். கேட்க ஆளில்லை. "சரி, உனக்குப் பிடித்தபடி செய்" என்று இரண்டு பேரும் மூஞ்சியை நீட்டிக்கொண்டு எழுந்து போனார்கள்.

அவள் தனக்குப் பிடித்தபடியே செய்தாள். ஓகஸ்ட் இருபத்துநாலாம் தேதி பீப்பாவை நிரப்பிக் கீழ் ஸ்டோர் அறையில் வைத்து, புதுப் பூட்டு வாங்கிப் பூட்டினாள். சாவி அவளுடைய கைப்பையில். தினமும் காலையில் போய் ஒருமுறை கிண்டி, மணத்தைப் பார்த்து, கொப்பியில் எழுதிவிட்டுப் பூட்டுவாள்.

சனிக்கிழமை காலை அவள் படியிறங்கியபோது, எமெத்தேரியோ முழங்காலில் இருந்து கதவின் பிணைச்சலைத் திருகாணிச் சாவியால் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு கிலோ சீனிப் பை. அவள் வாயைத் திறப்பதற்குள் பின்பக்கப் படியில் காலடி கேட்டது. பிலார். மடியைக் கூட்டிப் பிடித்தபடி வந்தாள். மடி நிறைய அத்திப்பழ வத்தல்.

கௌரி ஏப்ரனைக் கழற்றிச் சீனிப் பையின் மேல் போட்டாள். சாவியோடும் கொப்பியோடும் டூட்டிங்குக்கு ரயில் ஏறினாள். இப்படி ஒரு சனத்தை அவள் எங்கும் கண்டதில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள்கூட அலுமாரியைப் பூட்டினால் பூட்டியதுதான் என்று விட்டுவிடுவார்கள்.

அந்த வருஷம் புனிதரின் நாளும் வங்கி விடுமுறையும் ஒரே திங்கட்கிழமையில் வந்தன. விடுமுறை என்றபடியால் சிவமலரும் டூட்டிங்குக்குச் சாப்பிட வந்திருந்தாள். கௌரி முழுகி, கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அம்பலவாணன் திறந்தான். சிவப்புக் கழுத்துத்துணி கட்டிய எமெத்தேரியோ, அதேபோல் கட்டிய பிலார், பின்னால் வழிகாட்டி வந்த கஸ்பர்.

"இஞ்சாரும், ஆரோ வந்திருக்கினம்" என்று சொல்லிவிட்டு அம்பலவாணன் நேரே குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான்.

சிவமலர் எழுந்து நின்றாள். "இவையள் ஆர், கௌரி?"

கௌரிக்கு முன்பே எமெத்தேரியோ பதில் சொல்லிவிட்டார். அவருடைய ஆங்கிலம் உடைந்ததுதான், ஆனால் எல்லோருக்கும் விளங்குகிற ஆங்கிலம். "அம்மா, உங்கள் தங்கை லண்டனிலேயே திறமான வைன் கலக்குகிறவள்!"

அடுப்பில் இடியப்பத்தட்டு ஆவி விட்டது. சிவமலர் அவரைப் பார்த்தாள், கௌரியைப் பார்த்தாள், குளியலறைக் கதவைப் பார்த்தாள்.

அந்த நிமிஷத்தில் கௌரிக்குப் பயம் வரவில்லை. அலுப்புத்தான் வந்தது. எல்லார் மேலும் சேர்த்து ஒரேயடியாக வந்தது.

"என்னத்துக்கு வந்தனீங்கள்? உங்களிட்டைத் திருகாணிச் சாவி இருக்குத்தானே? கழட்டித் திறவுங்கோவன்!" என்று ஸ்பானியர்களிடம் தமிழில் கத்தினாள். கஸ்பர்தான் மொழிபெயர்த்தார்.

எமெத்தேரியோ தலையைக் குனிந்தார். "கதவைத் திறக்க என்னால் முடியும். திறந்தால் நான் சீனி போடுவேன், இவள் அத்திப்பழம் போடுவாள். எங்களை எங்களுக்குத் தெரியும். ஒரு மணிக்கு வாசலைத் திறக்கவேண்டும், சிவா. நீ வா."

பிலார் அடுப்படிக்குப் போய், ஆவி விட்டுக்கொண்டிருந்த தட்டை இறக்கி வைத்தாள்.

"நான் போறன், அக்கா" என்றாள் கௌரி. "போகாட்டில் அவ்வளவும் பழுதாப்போகும். ஏசுறதை வந்தாப்பிறகு ஏசுங்கோ."

"நீ தனியப் போகேலாது" என்றாள் சிவமலர். "எப்பிடிப்பட்ட இடம் எண்டு நானும் பாக்கத்தான் வேணும்."

எமெத்தேரியோவின் வான் வண்டியில் முன் இருக்கையில் சிவமலர் ஏறி உட்கார்ந்தாள். பிலாரும் கௌரியும் கஸ்பரும் பின்னால், உருளைக்கிழங்குச் சாக்குகளுக்கு நடுவே. அம்பலவாணன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரையை மூடினான்.

கௌரி ஸ்டோரைத் திறந்து, பழத்தை வடித்தெடுத்து, கொப்பியில் எழுதியிருந்த அளவில் கொதித்தாறிய எலுமிச்சைத் தண்ணீரைச் சேர்த்து, ஐஸ் கட்டிகளைப் போட்டாள். ஒரு மணிக்கு மண்டபக் கதவு இரண்டு பக்கமும் திறந்தது. தேவாலயத்துச் சனம், எதிர்வீட்டு ஜமேக்கா தம்பதி, வேலை முடிந்து போன பஸ் சாரதி ஒருவர், யார் யாரோ வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் கோப்பை போனது.

எமெத்தேரியோ முதல் மிடறு குடித்தார். "கொஞ்சம் சீனி குறைவு" என்றார். பிலார் குடித்தாள். "கறுவா கொஞ்சம் கூட" என்றாள். இருவரும் கோப்பையை மறுபடி நீட்டினார்கள். மூன்றாம் தரமும் நீட்டினார்கள். மூன்றாம் தரமும் அதையே சொன்னார்கள். கௌரி பற்களைக் கடித்துக்கொண்டு ஊற்றினாள்.

சிவமலர் ஒரு மூலையில் கதிரையில் கைகட்டி இருந்தாள். கோப்பை நீட்டினவர்களுக்கெல்லாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். விருந்தாளி வெறுங்கையோடு இருக்கிறாளே என்று பிலாருக்கு மனம் கேட்கவில்லை. வடித்தெடுத்த பீச் பழத்தை ஒரு தட்டு நிறைய அள்ளிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பழம்தானே என்று சிவமலர் ஒரு துண்டை எடுத்தாள். பிறகு இன்னொரு துண்டு. கௌரி இதைக் கண்டு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் தட்டில் பாதி முடிந்துவிட்டது.

"அக்கா, அது ஒரு கிழமை வைனுக்குள்ள ஊறினது!"

"தெரியும்" என்றாள் சிவமலர், இன்னொன்றை எடுத்தபடி. "ரெண்டாம் துண்டிலேயே தெரிஞ்சிட்டுது. இரு இதில."

கௌரி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரியில வேலை செய்யிற ஆள் எந்தநாளும் கறுவா மணக்குமோ? நான் போன வருஷமே விளங்கிக்கொண்டன், நீ ஏதோ ஒளிக்கிறாய் எண்டு."

"பிறகேன் கேக்கேல்லை?"

சிவமலர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கேட்டால் நீ என்னட்டைக் கேப்பாய். நான் ஒஃபிஸில வேலை எண்டு எல்லாருக்கும் சொல்லியிருக்கிறன். பன்றி இறைச்சி பைக்கற் பண்ணிற இடமடி அது. மூண்டு வருஷம். கையுறை போட்டுத்தான் தொடுறனான். எண்டாலும் வீட்டை வந்து எத்தினை தரம் முழுகினாலும் சாமி அறைக்குள்ள போகக் கால் வருகுதில்லை."

அதைச் சொன்னது பீச் பழமா, சிவமலரா என்று கௌரிக்குத் தெரியவில்லை. அவளுக்கு முதலில் வந்தது இரக்கம் அல்ல. இரண்டு வருஷமாகக் கோட்டைக் காற்றாட விட்டதும், நோயாளிகளின் பெயரைக்கூடக் கற்பனை செய்து வைத்திருந்ததும் நினைவுக்கு வந்து தலை வலித்தது.

"ஆருக்குப் பயந்து, அக்கா, நாங்கள் ரெண்டுபேரும் இந்தப் பாடு பட்டனாங்கள்?"

"நீ எனக்குப் பயந்தனீ. நான் உனக்குப் பயந்தன்" என்றாள் சிவமலர். பிறகு அழத் தொடங்கினாள். கௌரி அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு, மிஞ்சிய தட்டை எட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்தாள். நாலு மணிக்குள் பீப்பாவும் காலி.

அதற்குப் பிறகு சிவமலர் டூட்டிங்குக்கு வந்தால், வாசலிலேயே செருப்பைக் கழற்றிக்கொண்டு தொழிற்சாலைக் கதையைத் தொடங்கிவிடுவாள். மேற்பார்வையாளர் என்ன சொன்னான், பெல்ட் எத்தனை தரம் நின்றது என்று ஒரு மணித்தியாலம். ஆசாரக் கண்டிப்பைவிட அது பெரிய தொல்லையாக இருந்தது. கௌரி கேட்டுக்கொண்டே மரக்கறி வெட்டுவாள். இரண்டு வருஷம் கேட்டபின் ஒருநாள், ஹரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, படிவத்தைத் தானே நிரப்பி, சிவமலரின் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கினாள். வேலை கிடைத்தது. சிவமலர் அங்கேயும் குறைதான் சொன்னாள், ஆனால் சாமி அறைக்குப் போய்வந்தாள்.

கௌரிக்குத் தொண்ணூற்றொன்றில் தெற்கு லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. லண்டனில் யாருக்காவது வேலை செய்த அனுபவம் உண்டா என்று கேட்டபோது எமெத்தேரியோவின் கடிதத்தைக் கொடுத்தாள். அதில் அவர் "மிகவும் பிடிவாதமானவர், சாவியை யாருக்கும் கொடுக்கமாட்டார்" என்று எழுதியிருந்தார். வாசித்தபோது அவளுக்கு எரிச்சலாக வந்தது. நேர்முகத்தில் இருந்த ஆசிரியை அந்த வரியைத்தான் இரண்டாம் தரம் வாசித்தாள். மண்டப வேலையை விட்டாலும், ஓகஸ்ட் பீப்பாவை மட்டும் விடமுடியவில்லை. விட்டால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

தொண்ணூற்றைந்து வசந்தத்தில் மண்டபத்தின் குத்தகை முடிந்தது. எமெத்தேரியோவும் பிலாரும் ஊரோடு போய்ச் சேர முடிவெடுத்தார்கள். ஸ்பெயினுக்குப் போகிற பஸ் புறப்படும் விக்ரோரியா பஸ் நிலையத்துக்கு கௌரி பள்ளிக்கூடத்தில் ஒரு மணித்தியாலம் லீவு எடுத்துக்கொண்டு போனாள். அங்கே இரண்டு பேரும் பயணச்சீட்டு எந்தப் பையில் இருக்கிறது என்று சண்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். கௌரி மூன்று பைகளையும் தரையில் வைத்துத் திறந்தாள். சீட்டு பிலாரின் கோட்டுப் பொக்கற்றில் இருந்தது.

"நீங்கள் ரெண்டுபேரும் என்ர சீவனை எடுத்துப்போட்டியள்" என்று தமிழில் சொன்னாள். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு பக்கமும் நின்று அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார்கள். பிலார் அழுதாள். சாரதி இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார்.

பஸ் திரும்பி மறைந்தபின் கௌரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றரைக்கு எட்டாம் வகுப்புக்குச் செப்பு சல்பேற் கரைசல் வைக்கவேண்டும். சேலையின் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரயில் நிலையத்தை நோக்கி வேகமாக நடந்தாள்.